எட்டுப் புள்ளி நான்கு ஒன்று

சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு. பூஜ்யமே வட்டம்தானே, அதற்கு எதற்கு இன்னொரு வட்டம் என்று தராசக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தது: ‘கவனக்குறைவு. பிழை 14%. திருத்தி, புதன்கிழமை நான்கு மணிக்குள் தரவும்.’

பிழை என்றதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பூஜ்யத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிவிடுவாள். அந்தக் ‘கவனக்குறைவு’தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

பன்னிரண்டு வருடமாக அவள் பார்க்கிற வேலை எடை எந்திரங்களைச் சரிபார்ப்பது. மருந்துக் கம்பெனியில் மில்லிகிராம் நிறுக்கும் கண்ணாடிக் கூண்டுத் தராசு முதல், லாரியே ஏறி நிற்கும் எடைமேடை வரை அவள் கை படாதது இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் படுக்க வைத்து நிறுக்கிற தராசு ஒன்று நாற்பது கிராம் கூடக் காட்டியதைக் கண்டுபிடித்து, இதை நம்பி மருந்தளவு போடாதீர்கள் என்று தலைமை நர்ஸிடம் மல்லுக்கு நின்று, எந்திரத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தவள். அப்படிப்பட்டவளைப் பார்த்துக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறான், இருபத்தாறு வயதுப் பொடியன்.

அந்தப் பொடியனுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பர்சென்ட் சார். ஆராய்ச்சி மாணவன், பக்கவேலையாக முதலாண்டு இயற்பியல் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன். தாளைக் கையில் வாங்கியதும் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போவான். அங்கே உள்ள விடை புத்தக விடையிலிருந்து எத்தனை சதவீதம் விலகியிருக்கிறது என்று பார்ப்பான். ஐந்துக்குள் என்றால் மதிப்பெண், ஐந்தைத் தாண்டினால் பூஜ்யம். மேலே உள்ள அட்டவணையில் நீ சினிமாப் பாட்டை எழுதி வைத்திருந்தாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை.

தராசக்கா என்று வகுப்பு பெயர் வைத்திருந்த அவளுக்கு முப்பத்தொரு வயது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. அவள் இந்த வயதில் பல்கலைக்கழகப் படியேறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். எந்திரத்தைப் பிரிப்பவள் அவள், பூட்டுபவள் அவள், முத்திரை போட்ட எடைக்கற்களை வைத்துச் சரிபார்ப்பவள் அவள். ஆனால் ‘இது சரியாக நிறுக்கிறது’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுவது பட்டம் வாங்கிய பொறியாளர். அந்த மனிதர் எந்திரத்தின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு இருபது சான்றிதழில் வரிசையாகக் கிறுக்குவார். ஒருநாள் அவளுக்குப் பொறுக்காமல், “சார், ஒண்ணாவது வந்து பாருங்களேன்” என்று கேட்டதற்கு, “நீ பாத்துட்டல்ல, அப்புறம் என்ன?” என்று சிரித்தார். அன்றைக்கே அவள் முடிவு செய்தாள், இந்தக் கையெழுத்தை நான் போடப்போகிறேன் என்று.

பொறியியலுக்கு முதல் வாசல் இந்த இயற்பியல் பாடம். சும்மா இயற்பியல் இல்லை, நுண்கணிதத்தோடு வருகிற இயற்பியல். பேராசிரியர் முதல் நாளே கரும்பலகையில் வகையீட்டைப் போட்டு, அதற்கு மேல் தொகையீட்டைப் போட்டு, “இது உங்களுக்கு ஸ்கூல்லயே தெரிஞ்சிருக்கும்” என்று திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவள் பள்ளியை விட்டுப் பதின்மூன்று வருடமாகியிருந்தது. போன பருவத்தில் எழுத்துத் தேர்வில் மூன்று மதிப்பெண்ணில் கவிழ்ந்தாள். அதன் பிறகு ஆறு மாதம், வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில், துணி துவைக்கிற எந்திரத்தின் மேல் நோட்டை வைத்து என்று கணக்குகளைப் போட்டுத் தள்ளினாள். இந்த முறை எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே நான்காவது இடம்.

இனி மிச்சம் சோதனைக்கூடம்தான். அதில் ஒரு சோதனைக்குப் பூஜ்யம் என்றாலும் மொத்தப் பாடமும் தோல்வி. ஒரு பாடத்தை இரண்டு முறைக்கு மேல் எடுக்க முடியாது. அதாவது, இந்தச் சிவப்பு வட்டம் அழியாவிட்டால் அவள் பொறியியல் கனவுக்கு அத்தோடு முழுக்குப் போட வேண்டியதுதான்.

போன பருவம் அவளுக்கு வராத இந்தச் சோதனை என்னவோ சுலபம். ஓர் உயரமான தண்டு, அதன் உச்சியில் ஒரு மின்காந்தம், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எஃகுக் குண்டு. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கும், அதே கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். குண்டு விழுந்து கீழே உள்ள தட்டில் பட்டதும் கடிகாரம் நிற்கும். விழுந்த உயரமும் எடுத்துக்கொண்ட நேரமும் தெரிந்தால் பூமி எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். புத்தகத்தில் உள்ள விடை 9.8. கூடத்தில் இருப்பது ஒரே ஒரு கருவி. இரண்டிரண்டு பேராகப் போய், ஜோடிக்கு இருபது நிமிடம்.

தராசக்காவுக்கு வந்தது 8.41.

அவளுடைய ஜோடி, வாலு என்று எல்லோரும் கூப்பிடுகிற பதினெட்டு வயதுப் பெண். அதே தண்டு, அதே குண்டு, பொத்தானை அழுத்தியதே வாலுதான். அவள் தாளில் 9.80, பத்துக்குப் பத்து.

“எப்படிடி?” என்று கேட்டாள் தராசக்கா.

“அக்கா, பழைய ஷீட் போன்ல சுத்திட்டு இருக்குக்கா. சீனியருக்கு அவங்க சீனியர் அனுப்பினது. அதுல ஒண்ணு ரெண்டு நம்பரை மட்டும் மாத்தணும், அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் பண்ணியிருக்காங்க. உங்களுக்கு அனுப்பட்டுமா?”

“நாம அளந்தது?”

“அது வரலையேக்கா,” என்றாள் வாலு, குழந்தைக்குச் சொல்வதுபோல. அவள் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளமே இல்லை, சோதனை என்றால் இப்படித்தான் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுபடி செய்ய அனுமதி இருந்ததால், அன்று பிற்பகலே தராசக்கா தனியாகக் கருவியின் முன் போய் நின்றாள். தண்டு செங்குத்தாக இருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்தாள். உயரத்தைத் தன் சொந்த எஃகு அளவுகோலால் அளந்தாள். ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று முறைக்குப் பதிலாகப் பத்து முறை குண்டைப் போட்டாள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மறுபடி 8.41. தட்டில் குண்டு டங் டங் என்று விழுகிற சத்தம் அவளைக் கேலி செய்வதுபோல் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். இருபது சென்டிமீட்டரிலிருந்து விழுந்தால் 7.76 வந்தது. அறுபதிலிருந்து விழுந்தால் 8.53. முழு மீட்டருக்கு 8.79. குறைந்த தூரம் விழுகிற குண்டைப் பூமி குறைவாக இழுக்குமா? ஆள் பார்த்து நடந்துகொள்ளப் பூமி என்ன ஆபீஸா? எங்கேயோ எதுவோ ஒட்டிக்கொண்டு கெடுக்கிறது என்று அவளுக்குப் பட்டது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

மறுநாள் காலை பார்சல் அலுவலகம் ஒன்றில் வேலை. மேடைத் தராசு கூடக் காட்டுகிறது என்று புகார். ஒரு கிலோ கல்லை வைத்தாள், இருபத்தைந்து கிராம் கூடக் காட்டியது. பத்துக் கிலோ வைத்தாள், அதே இருபத்தைந்து கிராம். இருபது கிலோவுக்கும் இருபத்தைந்து. தட்டைக் கழற்றித் திருப்பினால், அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பசைநாடாவும் அழுக்கும் உருண்டு அப்பியிருந்தன. ஒரு கிலோ நிறுக்கிறவனுக்கு அந்த இருபத்தைந்து கிராம் பெரிய மோசடி, இருபது கிலோ நிறுக்கிறவனுக்கு அது தூசி. அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

“அடப்பாவி!” என்று வாய்விட்டுக் கத்தினாள். பார்சல்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று பயந்துபோய், “நாங்க எதையும் தொடலைங்க” என்றார்.

மூட்டை கட்டுகிற பழுப்புத் தாளிலேயே படம் போட்டுப் பார்த்துவிட்டாள். ஓர் அச்சில் உயரத்தின் வர்க்கமூலம், மறு அச்சில் நேரம். புள்ளிகள் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. ஆனால் அந்தக் கோடு பூஜ்யத்தின் வழியாகப் போகவில்லை. உயரமே இல்லாத இடத்திலும் கடிகாரம் 0.025 நொடி காட்டியது. மின்சாரம் நின்ற பிறகும் அந்தக் கிழட்டுக் காந்தம் குண்டை உடனே விடுவதில்லை, நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிறகுதான் விடுகிறது. எந்த உயரமானாலும் அதே இருபத்தைந்து மில்லி நொடி, தட்டில் ஒட்டிய அழுக்குபோல. அதைக் கழிக்க வழியும் அவளுக்குத் தெரியும். மாறாத எண்ணை வகையிட்டால் அது காணாமல் போய்விடும் என்ற ஒரு வரிக்காகத்தானே போன பருவம் அவளைக் கவிழ்த்தார்கள்? கோட்டின் சாய்வை மட்டும் எடுத்தாள். தாமதம் உதிர்ந்துபோனது. 9.79 வந்து நின்றது.

அவளுக்கு அங்கேயே, பார்சல் மூட்டைகளுக்கு நடுவே, சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பாடத்தில் முதல்முறையாக ஒன்று அவள் மண்டையில் மட்டும் இல்லாமல் கையிலும் ஏறியிருந்தது. அந்தச் சந்தோஷம் சரியாக ஐந்து மணி நேரம் நீடித்தது.

“சார், கருவியில ஜீரோ எரர் இருக்கு,” என்று அவள் வரைபடத்தை நீட்டியபோது, பர்சென்ட் சார் வேறொரு தாளின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாருக்கும் சரியா வந்திருக்கு. உங்களுக்கு மட்டும் எரரா?”

“எல்லாருக்கும் சரியா வந்திருக்குன்னா அதுதான் சார் பிரச்சனையே. காந்தம் லேட்டா விடுது. இந்த டேபிள்ல நேரத்தைப் போட்டு நேரடியாக் கணக்குப் பண்ணா, இந்தக் கருவியில யாருக்குமே ஒம்போது புள்ளி எட்டு வர முடியாது.”

வாலு தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்ன சொல்ல வர்றீங்க? நாப்பத்து மூணு பேரும் பொய் எழுதியிருக்காங்கன்னா?”

“நான் சொல்லல சார். குண்டு சொல்லுது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பர்சென்ட் சாருக்கு முகம் சிவந்தது. வரைபடத்தை வாங்கி, பார்க்காமலே திருப்பித் தந்தான். “இதெல்லாம் இங்க கேக்கலை. ஷீட்டுல என்ன போட்டிருக்கு? அஞ்சு உயரம், அஞ்சு விடை, சராசரி. நானும் இதே லேப்ல படிச்சவன்தான். எனக்கு வந்துச்சு. டேபிள்ல இருக்கற ரீடிங்கோட சராசரி ஒம்போது புள்ளி எட்டு கிட்ட இருந்தாத்தான் மார்க்.”

“ரீடிங் அப்படி வரலைன்னா?”

“வர வைங்க.”

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தான்.

பணிமனைக்குத் திரும்பி, பார்சல் தராசின் அறிக்கையை மேசையில் வைத்தாள். பொறியாளர் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, கண்ணைத் தாளுக்குத் திருப்பாமல், கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார். இவ்வளவு நாள் இந்த மனிதர் சோம்பேறி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இல்லை, இவரும் ஏதோ ஒரு கூடத்தில், ஏதோ ஒரு பர்சென்ட் சாரிடம், பதினெட்டு வயதில் 9.80 எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பார். விடை முன்கூட்டியே தெரியும்போது எதற்கு எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று இவருக்குக் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இந்த வரிசையில் நிற்கத்தானா நாக்குத் தள்ளத் தள்ளப் படித்தோம் என்று இருந்தது.

அன்று மாலை அவள் கணவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுநர், எதற்கும் பதறாத ஆள். அவள் பாத்திரங்களை அலமாரியில் டமால் டமால் என்று அடுக்குவதை நான்கு பாத்திரம் வரை பொறுத்துக்கொண்டான்.

“கோவத்துக்கு மார்க் போடறதா இருந்தா நீ இந்நேரம் தங்க மெடல் வாங்கியிருப்ப,” என்றான்.

“விளையாடாதீங்க. பொய் எழுதச் சொல்றான்.”

“ஒரு தாளுதானே? எழுதிக் குடுத்துட்டுப் போயேன். என் பஸ்ல ஸ்பீடு முள்ளு ஒரு வருஷமா முப்பதுலயே நிக்குது. நான் ஓட்டாமயா இருக்கேன்?”

“அது உங்க முள்ளு. இது என் கை.”

“சரி, எழுதாத. புதன்கிழமை நாலு மணிக்குப் பூஜ்யமே நின்னுடும். அப்புறம்?” அவன் கத்தியைக் கீழே வைத்தான். “ஏழு வருஷமா சொல்லிட்டிருக்க, கையெழுத்து நான்தான் போடணும்னு. போய் அந்த இடத்துல உக்காந்துட்டு அப்புறம் எல்லாரையும் கிழி. வெளியிலயே நின்னு கத்தினா யாருக்குக் கேக்கும்?”

அவன் சொன்னதில் தப்பும் இல்லை, சரியும் இல்லை, அதுதான் அவளை இன்னும் ஆத்திரப்படுத்தியது. “வெங்காயத்தை இன்னும் பொடியா நறுக்குங்க” என்று அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை ஒரு மணிக்கு நூலகத்தில், சன்னலோர மேசையில், வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடையிலிருந்து பின்னோக்கி நடந்தாள். 9.8 வர வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கு எவ்வளவு நேரம், எண்பது சென்டிமீட்டருக்கு எவ்வளவு நேரம்? எண்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. மற்றவர்கள் அத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு வருட அனுபவம் சும்மா இருக்குமா? ஒன்றையே மூன்று முறை அளந்தால் மூன்றும் ஒன்றாக வராது என்று அவளுக்குத் தெரியும், எவ்வளவு விலகும் என்றும் தெரியும். அந்த விலகலை அளவோடு தூவினாள். குறைந்த உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தடுமாற விட்டாள். ஓர் எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதினாள். அந்த ஒரு அடித்தல் பொய்க்கு உயிர் கொடுத்தது. முடித்துவிட்டுப் பார்த்தபோது அவளே நம்பிவிடும்படி இருந்தது. விடை 9.79.

இவ்வளவு சுலபமா என்றுதான் இருந்தது.

மூன்றரைக்குத் தாளை நீட்டினாள். பர்சென்ட் சார் கடைசிக் கட்டத்தைப் பார்த்தான். அட்டவணையையும் அதிசயமாக ஒரு பார்வை பார்த்தான். சிவப்பு மையில் பத்து என்று போட்டான். பதிவேட்டைத் திறந்து, பழைய பூஜ்யத்தை அடித்துப் பத்தை ஏற்றினான். அவன் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி. கெட்டவன் இல்லை, அதுதான் கொடுமை.

“பாத்தீங்களா? கவனமா செஞ்சா வருதுல்ல?”

அவள் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“ரீடிங் எல்லாம் எவ்ளோ நேச்சுரலா இருக்கு! இந்த செமஸ்டர்ல இதான் பெஸ்ட் ஷீட். இதை வெளிய கண்ணாடிச் சட்டத்துல மாட்டிடறேன். அடுத்த பேட்ச் பாத்துக் கத்துக்கட்டும்.”

தலையில் யாரோ ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. அவன் தாளோடு வெளியே போய், வாசல் பக்கத்துச் சுவரில் இருந்த சட்டத்தைத் திறந்து, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, அவள் பொய்யை அழகாக மாட்டினான். பூஜ்யம் வாங்கிய அன்று வந்த கோபம் அவன் மேல் வந்த கோபம். இது அப்படி இல்லை. இது அவள் மேலேயே வந்தது, காறித் துப்ப இடமில்லாத கோபம்.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். பையிலிருந்து பழுப்புத் தாள் வரைபடத்தையும் உண்மையான அட்டவணையையும் எடுத்து மேசையில் பரப்பினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், தான் பொய் எழுதியதையும் சேர்த்து.

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “அட!” என்றார். விரலால் கோட்டைத் தடவினார். “காந்தம் விடறதுக்கு இருபத்தஞ்சு மில்லி செகண்ட். சாய்வு எடுத்துட்டீங்க, தாமதம் போயிடுச்சு. ரொம்ப அழகா இருக்கும்மா. இதைத்தான்... இதைத்தானே நான் கத்துக்கொடுக்க நினைக்கறேன்.”

“அப்ப அந்தப் பத்தை அடிச்சிட்டு, இதுக்கு மார்க் போடுங்க சார். எவ்வளவு போடறீங்களோ போடுங்க.”

அவர் தாளை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். கதவைச் சாத்தியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இது சரின்னா மத்த நாப்பத்து மூணும் தப்பும்மா. அதைத் தொட்டா விசாரணை, கமிட்டின்னு போகும். கமிட்டி முதல்ல யாரைக் கூப்பிடும் தெரியுமா? உங்களை. ஒரே சோதனைக்கு ரெண்டு டேபிள் எழுதினது நீங்க ஒருத்தர்தான். பொய்யா எழுதினதுக்குக் கையில ஆதாரம் இருக்கறது உங்களோடது ஒண்ணுக்குத்தான். மத்தவங்க ‘எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு’ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

“அதாவது, நிஜமா அளந்தவதான் மாட்டுவா.”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொல்றீங்க சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “உங்களுக்கு இது ரெண்டாவது வாய்ப்பு இல்ல? எழுத்துத் தேர்வு பிரமாதமா எழுதியிருக்கீங்க. பாஸ் ஆகிட்டுப் போங்க. அந்தக் கருவியை அடுத்த வருஷம் மாத்தச் சொல்றேன். இந்தப் பேச்சு இந்த அறையோட இருக்கட்டும். வெளிய போச்சுன்னா முதல்ல போறது உங்க பாஸ்தான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“அந்தக் காந்தம் லேட்டா விடுதுன்னு உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?”

“வாங்கினப்ப நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் அவர்.

அவள் தாள்களை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள். கத்தியிருக்கலாம். மேசையைக் கவிழ்த்திருக்கலாம். பேசாமல் வந்தாள். தேர்ச்சி வேண்டியிருந்தது, அதுதான் நிஜம். எல்லோரையும் திட்டுகிறவளுக்கும் அது வேண்டித்தான் இருந்தது.

முடிவு வந்தபோது பட்டியலில் அவள் எண் இருந்தது. கணவன் இனிப்பு வாங்கி வந்தான். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றாள்.

அடுத்த பருவம் தொடங்கிய முதல் வாரம். இரண்டாம் இயற்பியலுக்கான கூடம் அதே நடையில், நான்கு கதவு தள்ளி இருந்தது. தராசக்கா அந்தப் பக்கம் வரும்போது கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் ஏழெட்டுப் புது முகங்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. போன்களை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையான ஒரு பெண் போன் எடுக்கவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். தராசக்கா தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம். இந்த ஷீட் எழுதினவங்க இப்ப செகண்ட் செமஸ்டர்ல இருக்காங்களா? தெரியுமா உங்களுக்கு?”

“எதுக்கு?”

“நாங்க நேத்து செஞ்சோம். எனக்கு எட்டரை கிட்டதான் வந்துச்சு. எவ்ளோ தடவை செஞ்சாலும் அப்படித்தான் வருது. நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியல. இவங்க எப்படி இவ்ளோ கரெக்டா அளந்தாங்கன்னு கேக்கணும்.”

அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது, அழுதிருப்பாள்போல. தப்பு தன்னுடையது என்று முழுசாக நம்பியிருந்தாள். கவனமாகச் செய்தால் வரும் என்று மூன்று சொல் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். தராசக்காவின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. வந்ததை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

“நான்தான் எழுதினேன்,” என்றாள். “அளக்கல. எழுதினேன். அத்தனையும் பொய்.”

போன்கள் இறங்கின. கூடத்தின் கதவருகே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பர்சென்ட் சார் வாசலில் வந்து நின்றான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. எட்டுச் சாட்சிகள் இருக்கிறார்கள். இனி இந்தப் பேச்சு பேராசிரியரின் அறையோடு நிற்கப்போவதில்லை. தன் தேர்ச்சி தன் கண் முன்னாலேயே கழன்று போவதை அவள் தெளிவாகப் பார்த்தாள். ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

“உனக்கு வந்ததுதான் சரி,” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். “காந்தம் குண்டை லேட்டா விடுது. எப்படின்னு நான் காட்டறேன். உனக்கு என்ன வந்துச்சோ அதையே எழுது.”

“எழுதினா மார்க் போடுவாங்களாக்கா?”

“மாட்டாங்க. பூஜ்யம் போட்டு, பக்கத்துல கவனக்குறைவுன்னு எழுதுவாங்க.”

“அப்புறம் நான் என்ன பண்றது?”

தராசக்கா வாசலில் நின்றவனை நேராகப் பார்த்தாள்.

“என்னைக் கூப்பிடு. போன தடவை நான் ஒருத்தியாப் போனேன், கதவைச் சாத்திட்டாங்க.”